யாரும் தேவைப்படாத ஜிம்

தம்பி: ...அதனாலதான் சொல்றேன்க்கா, ஜிம்முங்கிறது வீட்டுக்குள்ளயே இருக்கணும். அவ்ளோ நல்லது இருக்கு அதுல.

அக்கா: யாருக்கு நல்லது? வித்தவனுக்கா?

தம்பி: கிண்டல் பண்ணாம கேளுக்கா.

அக்கா: கேட்டுட்டுத்தானே இருக்கேன். சாப்பிட்டு வந்து மருந்துக்கடைக்குள்ள கால் வைக்கல, போன் அடிச்சுது. அப்ப ஆரம்பிச்சது. வாரத்துல ஒரு நாள் கூப்பிட்டு "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வைக்கிறேன்"னு மூணே வார்த்தை பேசறவன் நீ. இன்னிக்கு என்ன மழையா கொட்டறே?

தம்பி: சும்மாதான். சாயங்காலம்தான் ஷிப்ட். பேசலாமேன்னு...

அக்கா: சரி சரி, கொட்டு. என்ன நல்லது?

தம்பி: முதல்ல, எங்கயும் போக வேணாம். மழை பெஞ்சா என்ன, பஸ் வரலைன்னா என்ன? கட்டில்லேர்ந்து கால் கீழ வச்சா ஜிம்.

அக்கா: உன் ரூம்ல கட்டில்லேர்ந்து கால் கீழ வச்சா சுவருன்னுல்ல அம்மாகிட்ட சொன்னே?

தம்பி: அந்தச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுலதான் பெஞ்சைப் போட்டிருக்கேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு. தலைமாட்டுல சுவர், இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் அலமாரி.

அக்கா: அப்ப நீ எங்க நடப்பே?

தம்பி: நடக்கறதுக்கு எதுக்குக்கா ஜிம்மு?

அக்கா: இருடா... சொல்லுங்கம்மா. இருமலா? வறட்டு இருமலா, சளி வருதா? யாருக்கு? வீட்டுக்காரருக்கா? அவர் எங்க? சிகரெட் பிடிக்கப் போயிருக்காரா? அதை நிறுத்தச் சொல்லுங்க, மருந்தே வேணாம். இந்தாங்க, ராத்திரி மட்டும் குடுங்க... ம், சொல்லுடா.

தம்பி: ரெண்டாவது, காத்திருக்க வேணாம். வெளி ஜிம்ல ஒருத்தன் மெஷின்ல உக்காந்துட்டு போனையே பாத்துட்டிருப்பான். நாம தூணு மாதிரி நிக்கணும்.

அக்கா: "எந்திரிப்பா"ன்னு சொல்றது.

தம்பி: எப்படிக்கா சொல்றது?

அக்கா: வாயாலதான்.

தம்பி: அந்தத் தொல்லையே இங்க இல்லல்ல? அப்புறம், அடுத்தவன் வேர்வை மேல படுக்க வேணாம். கிழிஞ்ச பனியன் போட்டுக்கலாம். யாரும் பாக்க மாட்டாங்க. எத்தனை தூக்கறேன்னு யாரும் எண்ண மாட்டாங்க. தப்பாப் பண்ணாலும் சிரிக்க ஆள் கிடையாது.

அக்கா: நான் இருக்கேனே.

தம்பி: நீ ஒருத்தி போதாதா?

அக்கா: ஒண்ணு கவனிச்சியா? நீ சொன்ன நல்லது எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான் இருக்கு. ஆள் இல்ல. மழை இல்லங்கிறதை விட்டுட்டா, எல்லாமே மனுஷன் இல்ல, மனுஷன் இல்லதான்.

தம்பி: அப்படியெல்லாம் இல்லக்கா.

அக்கா: ஏன்டா கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேக்குது?

தம்பி: ஸ்பீக்கர்ல இருக்கு.

அக்கா: வீடியோ போடு. அந்த அரண்மனை ஜிம்மை நானும் பாக்கறேன்.

தம்பி: நெட் சரியில்ல.

அக்கா: நேத்து முழு மேட்ச்சும் பாத்தேன்னு அம்மாகிட்ட பெருமையடிச்சியே. அப்ப எங்கேர்ந்து வந்துச்சு நெட்டு?

தம்பி: போன் தூரத்துல இருக்குக்கா. ஜன்னல் மேல.

அக்கா: எழுந்து போய் எடு.

தம்பி: எடுக்கலாம்...

அக்கா: எடு.

தம்பி: அப்புறமா எடுக்கறேன்.

அக்கா: ஜன்னல் மேல இருந்த போன்லேர்ந்து என்னை எப்படிக் கூப்பிட்டே?

தம்பி: "அக்காவுக்குப் போன் போடு"ன்னு சத்தமா சொன்னா அதுவே போடும். அப்படி ஒரு வசதி இருக்கு.

அக்கா: கையை நீட்டி எடுக்கறதுக்கு என்ன கேடு? கையில அடிபட்டிருக்கா?

தம்பி: சே. கை ரெண்டும் சும்மாதான் இருக்கு.

அக்கா: அப்ப எது சும்மா இல்ல?

தம்பி: நடுவுல...

அக்கா: எதுக்கு நடுவுல?

தம்பி: இடுப்புக்கா.

அக்கா: இடுப்புக்கு என்ன?

தம்பி: இடுப்பு மேல ராடு இருக்கு.

அக்கா: என்ன ராடு?

தம்பி: வெயிட் தூக்கற ராடு. ரெண்டு பக்கமும் இரும்பு பிளேட்டோட.

அக்கா: டேய்!

தம்பி: கத்தாதேக்கா, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. கேளேன். படுத்துட்டு தூக்கினேனா... கடைசியா ஒரு தடவை மேல போகல. நெஞ்சு மேலயே இறங்கிடுச்சு. சரின்னு மெதுவா வயித்துப் பக்கமா உருட்டினேன். உருண்டு வந்து, ஒரு பக்கத்து பிளேட்டு கட்டில் மேல ஏறி உக்காந்துடுச்சு. இன்னொரு பக்கத்து பிளேட்டு அலமாரி இடுக்குல மாட்டிக்கிச்சு. பாரம் பூரா கட்டிலும் அலமாரியும்தான் தாங்குது. நான் சும்மா அடியில இருக்கேன். அவ்ளோதான்.

அக்கா: அவ்ளோதானா? நழுவி வெளிய வா!

தம்பி: கீழ நழுவினா நெஞ்சு இடிக்குது. மேல நகர்ந்தா தலை சுவர்ல முட்டுது.

அக்கா: பிளேட்டைக் கழட்டிடு.

தம்பி: பிளேட்டு ஆடிச் சத்தம் வரக்கூடாதுன்னு கிளிப்பை நல்லா இறுக்கிட்டேன். கை எட்டல.

அக்கா: எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்கறே?

தம்பி: கொஞ்ச நேரமாத்தான்.

அக்கா: எவ்வளவுடா?

தம்பி: நீ சாப்பிட்டுட்டு வரட்டும்னு காத்திருந்தேன். சாப்பிடறப்ப கூப்பிட்டா பாதியில கையைக் கழுவிடுவே.

அக்கா: கால் விரலை ஆட்டு. ஆடுதா?

தம்பி: ஆடுது.

அக்கா: மரத்துப் போன மாதிரி இருக்கா?

தம்பி: இல்ல.

அக்கா: மூச்சை நல்லா உள்ள இழு. விடு. எங்கயாவது குத்துதா?

தம்பி: குத்தல.

அக்கா: வயித்துல வலி?

தம்பி: பசிதான்.

அக்கா: ரூம் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கா?

தம்பி: சும்மா சாத்தித்தான் இருக்கு. ஏன்?

அக்கா: சும்மாதான் கேட்டேன். ஒரு நிமிஷம் இரு, ஆள் வந்திருக்காங்க. வச்சுடாதே!

தம்பி: எப்படி வைப்பேன்?

அக்கா: ...

தம்பி: அக்கா? என்ன கரகரன்னு சத்தம்?

அக்கா: வந்துட்டேன். பக்கத்துக் கடையில ஷட்டரை இறக்கறாங்க. அதை விடு. எதிர் ரூம்ல ஒரு பஸ் டிரைவர் இருக்காரே, நீ வந்து இறங்கின அன்னிக்கு ஸ்டேஷன்ல வந்து கூட்டிட்டுப் போனாரே, அவர் இருக்காரா?

தம்பி: இருக்காரு. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்து இப்ப தூங்கறாரு.

அக்கா: கூப்பிடு அவரை.

தம்பி: தூங்கறாருங்கறேன்ல.

அக்கா: எழுப்பு.

தம்பி: பாவம்க்கா. அவர் தூக்கத்தைக் கலைக்கணுமா? நீ எதுவும் பண்ணிடாதே. போன் கீன் போட்டுத் தொலைக்காதே.

அக்கா: எனக்கு எங்க தெரியும் அவர் நம்பரு?

தம்பி: சத்தியமா?

அக்கா: ஆமா, ஊர்ல உள்ள டிரைவருங்க நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன் பாரு. பேச்சை மாத்தாதே. நீ கூப்பிட்டா அவருக்குக் கேக்குமா?

தம்பி: கேக்கும். அட்டை மாதிரி சுவரு. அவர் குறட்டை விட்டா மேல் மாடியில இருக்கறவன் பஸ் வந்துடுச்சுன்னு பையை எடுத்துட்டு ஓடுவான்.

அக்கா: இப்ப கேக்குதா குறட்டை?

தம்பி: இவ்வளவு நேரம் கேட்டுச்சு... இப்ப நின்னுடுச்சு.

அக்கா: முழிச்சுட்டாரு போல. கூப்பிடு.

தம்பி: புரண்டு படுத்திருப்பாரு. கியர் மாத்தறாரு.

அக்கா: சாயங்காலம் ஷிப்ட்டுக்குப் போகணும்னியே?

தம்பி: போகணும். கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். விட்டா வேற பஸ் கிடையாது. சூப்பர்வைசர் வேற, வேலை நிரந்தரம் ஆகற வரைக்கும் ஒரு நாள்கூட மட்டம் போடாதேன்னாரு.

அக்கா: அவர்கிட்டப் போய் என்ன சொல்வே? "சார், நான் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல மாட்டியிருந்தேன்"னா?

தம்பி: சிரிக்காதேக்கா.

அக்கா: சிரிக்கல. நிஜமாத்தான் கேக்கறேன். அந்த டிரைவரைக் கூப்பிட என்ன தடை?

தம்பி: அது... அவர் போன வாரமே சொன்னாரு. "ராடு தூக்கறப்ப தனியாத் தூக்காதே. என்னைக் கூப்பிடு. நான் சும்மா பக்கத்துல நிக்கறேன்"னு.

அக்கா: நல்ல மனுஷன். நீ என்ன சொன்னே?

தம்பி: பாடம் எடுத்தேன்.

அக்கா: என்னன்னு?

தம்பி: வீட்டு ஜிம்மோட பெரிய நல்லதே, யாரும் தேவைப்படாததுதான்னு.

அக்கா: அடப்பாவி...

தம்பி: அவர் டீயைக் கையில வச்சுட்டு முழுசாக் கேட்டாரு. டீயே ஆறிப்போச்சு. இப்ப எந்த மூஞ்சியை வச்சுட்டு "அண்ணே, வந்து தூக்குங்க"ம்பேன்?

அக்கா: இருக்கற மூஞ்சியை வச்சுட்டுத்தான். அது மேல ராடு இல்லையே, இடுப்பு மேலதானே இருக்கு?

தம்பி: பாத்தியா, மறுபடி.

அக்கா: ஒரு நிமிஷம்... அண்ணே, அப்படியே வெளியவே நில்லுங்க. நான் சொல்றப்ப வரலாம். ஆமா. ஆமா, நல்லாத்தான் இருக்கு... ம், சொல்லு.

தம்பி: யாரு?

அக்கா: ஒருத்தரு மாத்திரைக்கு வந்திருக்காரு. அவசரப்படறாரு. நிக்கட்டும்.

தம்பி: பாவம், குடுத்து அனுப்பேன்.

அக்கா: அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீ சொல்லு. முன்னாடி ஒரு பெரிய ஜிம்முக்குப் போனியே. கண்ணாடி வச்ச ஜிம்முன்னு ஒரு வாரம் புராணம் பாடினே. அதை ஏன் விட்டே?

தம்பி: கூட்டம்.

அக்கா: பொய்.

தம்பி: தூரம்.

அக்கா: அதுவும் பொய்.

தம்பி: அம்மாகிட்ட சொல்ல மாட்டியே?

அக்கா: எதைத்தான் சொல்லியிருக்கேன் இதுவரைக்கும்?

தம்பி: எங்க கம்பெனி கோடவுன்ல ஒரு பழக்கம் இருக்குக்கா. ஐஸ் பெட்டியெல்லாம் செம கனம். தூக்கறவன் கை வழுக்கினா "ம்ம்..."னு முனகுவான். அந்தச் சத்தம் கேட்டா, யாரா இருந்தாலும், என்ன வேலையில இருந்தாலும், ஓடிப்போய் ஒரு முனையைப் பிடிச்சுடணும். கேக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. முதல் நாள் சொல்லிக்குடுத்ததே அதுதான். இல்லைன்னா அவன் கால் போயிடும்.

அக்கா: சரி...

தம்பி: ஜிம்ல ஒரு ஆளு. மலை மாதிரி இருப்பாரு. படுத்துட்டு தூக்கினாரு. பாதியில "ம்ம்ம்ம்..."னாரு.

அக்கா: ஐயையோ.

தம்பி: எனக்கு வேற எதுவும் தோணலக்கா. ஓடினேன். ராடைப் பிடிச்சேன். ஒரே தூக்கு. கொக்கியில மாட்டிட்டேன்.

அக்கா: ...

தம்பி: சிரிக்கறே.

அக்கா: இல்ல... இல்லடா... சொல்லு... மேல சொல்லு...

தம்பி: அந்த வெயிட்டைத் தூக்கறதுக்குத்தான் அவர் ரொம்ப நாளாப் பழகிட்டிருந்தாராம். அவர் சம்சாரம் வீடியோ வேற எடுத்துட்டிருந்தாங்க. அவரா தூக்கி முடிக்கறதுக்கு இன்னும் ஒரு சாண்தான் இருந்துச்சாம்.

அக்கா: கடவுளே... அந்த வீடியோவுல நீ இருக்கியா?

தம்பி: குறுக்கால பாய்ஞ்சு வரேன்.

அக்கா: ஹஹ்... ஐயோ, வயிறு வலிக்குது...

தம்பி: அங்கயும் இப்படித்தான் எல்லாரும் சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கல. எழுந்து உக்காந்து கேட்டாரு. "உன்னை யாருடா கூப்பிட்டா?" அதுக்கப்புறம் நான் போகல.

அக்கா: அந்த ஆளுக்கு உன் கோடவுன் பழக்கமெல்லாம் எப்படித் தெரியும்? அவருக்குக் கோவம் வந்துடுச்சு. நீ மன்னிப்புக் கேட்டியா?

தம்பி: கேட்டேன். வாய்க்குள்ளயே கேட்டேன். யாருக்கும் காதுல விழல.

அக்கா: அதுதானே உன் கதை. எல்லாமே வாய்க்குள்ள. சரி, இப்ப டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டா, அவர் "யாருடா கூப்பிட்டா"ம்பாரா?

தம்பி: எப்படிக் கேப்பாரு? நான்தானே கூப்பிடறேன்.

அக்கா: அப்புறம்? "நல்லா வேணும் உனக்கு"ம்பாரா?

தம்பி: சே, அப்படிச் சொல்ல மாட்டாரு.

அக்கா: அப்ப எதுதான்டா தடுக்குது?

தம்பி: வரலைன்னா?

அக்கா: என்ன?

தம்பி: கூப்பிடறேன். அவருக்குக் கேக்குது. சரி, இவனுக்கு வேற வேலையில்லன்னு திரும்பிப் படுத்துக்கறாரு. அப்படி ஆச்சுன்னா? கூப்பிடாத வரைக்கும், கூப்பிட்டா யாராவது வருவாங்கன்னு நெனச்சுக்கலாம்க்கா. கூப்பிட்டும் வரலைன்னா, இந்த ஊர்ல எனக்கு ஆளே இல்லைன்னு தெரிஞ்சு போயிடும்ல. அப்புறம் நான் எப்படி இங்க இருப்பேன்?

அக்கா: இரு. ஆள் வந்திருக்காங்க.

தம்பி: இன்னிக்கு என்ன, ஊருக்கே காய்ச்சலா?

அக்கா: ...

தம்பி: அக்கா... வெளிய யாரோ நடக்கற மாதிரி இருக்கு.

அக்கா: ம். வந்துட்டேன். பூனையா இருக்கும்.

தம்பி: எங்க மாடியில ஏது பூனை? உனக்கு ஏன் மூக்கடைச்ச மாதிரி இருக்கு?

அக்கா: மருந்துக்கடைடா. நாள் பூரா தும்மறவங்க முன்னாடிதானே நிக்கறேன். இங்க பாரு, நான் ஒண்ணு சொல்றேன். உன் கோடவுன்ல முனகற சத்தம் கேட்டா நீ ஓடறே. உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் ஓடறான். இல்லையா?

தம்பி: ஆமா.

அக்கா: அப்ப இந்த ஊர்ல ஓடிவர ஆள் இருக்கு. ஆனா நீ முனகவே மாட்டேங்கறியே? மத்தியானம் முழுக்க இரும்புக்கு அடியில படுத்துட்டு, எனக்குப் போன் போட்டு ஜிம்மோட அருமை பெருமை சொல்றே. யாருக்குடா தெரியும்?

தம்பி: உனக்குத் தெரிஞ்சுடுச்சே.

அக்கா: நான் இங்கேர்ந்து கையை நீட்டினா எட்டுமா? கூப்பிடு.

தம்பி: வரலைன்னா நீ லைன்லயே இருப்பேல்ல?

அக்கா: எங்கயும் போக மாட்டேன். கூப்பிடு.

தம்பி: அண்ணே...

அக்கா: இது கூப்பிடறதா? கொசு கூட இதைவிடச் சத்தமாக் கத்தும்.

தம்பி: அண்ணே.

அக்கா: என்னைக் கூப்பிட ஜன்னல் மேல இருந்த போனைப் பாத்துக் கத்தினியே, அந்தத் தொண்டை எங்க போச்சு?

தம்பி: அண்ணே! டிரைவர் அண்ணே! கொஞ்சம் வாங்கண்ணே! என்னால எழுந்திருக்க முடியல!

டிரைவர் அண்ணன்: வந்துட்டேன்டா, வந்துட்டேன்! அசையாதே. நீ அந்த முனையைத் தள்ளு, நான் கட்டில் பக்கம் தூக்கறேன். ம்ம்... அப்படித்தான். இன்னும் கொஞ்சம். விடு, விடு. என்கிட்ட வந்துடுச்சு. எழுந்திரு மெதுவா.

அக்கா: என்ன ஆச்சு? டேய்? எழுந்துட்டியா?

தம்பி: எழுந்துட்டேன்க்கா. உக்காந்திருக்கேன். வந்துட்டாருக்கா... கூப்பிட்ட உடனே வந்துட்டாரு.

அக்கா: அப்புறம் என்ன. முகம் கழுவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பு. சாப்பிட்டுட்டுப் போ. நான் வைக்கறேன், கடையில ஆள் நிக்குது.

தம்பி: அக்கா, ஒரு நிமிஷம்... வச்சுட்டாளே. நீங்க தூங்கலையாண்ணே? கதவுக்கிட்டயே நின்ன மாதிரி வந்துட்டீங்களே?

டிரைவர் அண்ணன்: கதவுக்கிட்டயேதான் நின்னேன். என் குறட்டையைப் பத்தி நீ பேசினதுகூடக் கேட்டுச்சு.

தம்பி: ஐயோ... அப்பவேவா? யார் சொன்னா உங்களுக்கு?

டிரைவர் அண்ணன்: உங்க அக்காதான். வந்து இறங்கின அன்னிக்கு என் போன்லேர்ந்துதானே வீட்டுக்குப் பேசினே? அந்த நம்பருக்குக் கடைப் போன்லேர்ந்து கூப்பிட்டாங்க. நான் ஓடிவந்து கதவுல கை வச்சேன். "உள்ள போயிடாதீங்கண்ணே, அவனாக் கூப்பிடட்டும், இன்னிக்கு ஒரு தடவை கூப்பிட்டுட்டான்னா இனிமே எப்பவும் கூப்பிடுவான்"னு கெஞ்சினாங்க.

தம்பி: அவ்வளவு கூட்டத்துலயும் அக்கா...

டிரைவர் அண்ணன்: என்ன கூட்டம்? கடையில ஒரு ஆள் இல்லடா. அப்பவே ஷட்டரை இறக்கிட்டாங்க. "ஆள் வந்திருக்காங்க"ன்னு உன்கிட்டச் சொல்லிட்டுச் சொல்லிட்டு வந்து, என்கிட்ட அழுதுட்டே ஒண்ணுதான் கேட்டாங்க... "அண்ணே, கதவுல காதை வச்சுப் பாருங்க, அவன் மூச்சு விடறது கேக்குதா?"